சர்க்கரை நோயும் மன உளைச்சலும்: நோயாளிக்கும் குடும்பத்தாருக்குமான முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியவந்த அன்றே நோயாளியின் கைக்கு ஒரு நீண்ட பட்டியல் வந்துவிடுகிறது. சோற்றைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் சோதிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மனத்துக்கு இடமில்லை. ஆனால் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் ஆயுள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியது மனம்தான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இருப்பவர்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு வரை காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த வழிகாட்டி இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களையும் அவர்களோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கும் குடும்பத்தாரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவை எவரும் தாமே மாற்றக் கூடாது. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவே இது.

தொடங்கும் முன்: ஒரு சொல்லை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் நாம் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். மகளின் கல்லூரிக் கட்டணம், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம், தீராத சொத்துத் தகராறு போன்ற வெளிநெருக்கடிகள் தரும் அழுத்தம் முதலாவது. நோயே தரும் சலிப்பும் பயமும் குற்ற உணர்வும் இரண்டாவது. இதை இக்கட்டுரை முழுவதும் ‘நோய் உளைச்சல்’ என்று குறிப்பிடுகிறேன். எதிலும் நாட்டமில்லாமல், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு மூன்றாவது. அது தனியாகச் சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய்.

இது சொல்லாராய்ச்சி அல்ல. நோயாளி ‘எனக்கு மன அழுத்தம்’ என்கிறார். முதலாவதை நினைத்துக்கொண்டு மருத்துவர் ‘டென்ஷன் ஆகாதீர்கள்’ என்கிறார். உண்மையில் இருந்ததோ மூன்றாவது. பாஸ்டன் நகரின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் பணியாற்றிய உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1995இல் நோய் உளைச்சலை அளக்கும் 20 கேள்விகளைத் தொகுத்து வெளியிட்டதிலிருந்து, இது மனச்சோர்விலிருந்து வேறானது என்ற புரிதல் வலுப்பெற்றது. நோய் உளைச்சல் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை பயன் தருவது அரிது. மனச்சோர்வு உள்ளவரிடம் உணவுத்திட்டத்தை எளிதாக்கிக் கொடுத்தால் மட்டும் அது தீர்ந்துவிடாது.

படி 1: அழுத்தம் சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆபத்து என்று மூளை முடிவு செய்த கணத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோனும், சற்றுப் பின்னால் கார்டிசால் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் கலக்கின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டும் என்பதால், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியே விடுகிறது. அதே நேரத்தில் இன்சுலினின் வேலையும் மந்தப்படுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன், மிரண்டுபோன பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வெளிப்படுவதை 1911இலேயே காட்டினார். ஆரோக்கியமான உடல் இந்த ஏற்றத்தைச் சிறிது நேரத்தில் சரிசெய்துகொள்கிறது. இன்சுலின் போதாத உடலில் அது அப்படியே நிற்கிறது. விடியற்காலையில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்களும் இதே வேலையைச் செய்வதால், இரவு இரண்டே இட்லி தின்று படுத்தவருக்கும் காலைச் சர்க்கரை கூடுதலாக இருக்கலாம். அதற்காக அவர் இரவில் திருட்டுத்தனமாக எதையோ தின்றார் என்று குடும்பம் முடிவு கட்ட வேண்டியதில்லை.

இது நேர்வழி. மறைமுக வழியொன்றும் உண்டு, பெரும்பாலும் அதுவே பெரியது. அழுத்தமான வாரத்தில் மாத்திரை மறக்கிறது, இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது, நடை நின்றுபோகிறது, டீயின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஐந்தாகிறது, தூக்கம் குறைகிறது. ஹார்மோனை நம்மால் நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாது. டீயின் எண்ணிக்கையை முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா நோய்க்கும் மனமே காரணம் என்று சொல்லும் வழக்கம் ஆபத்தானது. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமும்தான் காரணம் என்று பல தலைமுறைகளாக நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்கு ஒரு நுண்ணுயிரி முக்கியக் காரணம் என்று கண்டறிந்து 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கண்டுபிடிப்பு வரும்வரை எத்தனையோ நோயாளிகள் ‘கவலையை விடு, புண் ஆறிவிடும்’ என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டு வலியோடு இருந்தார்கள். சர்க்கரை நோய்க்கும் மரபு, உடல் எடை, வயது, உழைப்பின்மை எனப் பல வேர்கள் உண்டு. ‘நீ கவலைப்பட்டே நோயை வரவழைத்துக்கொண்டாய்’ என்று ஒருவரிடம் சொல்வது உண்மையுமல்ல, உதவியுமல்ல.

படி 2: இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு எழுதுங்கள், ஆனால் மதிப்பெண் போடாதீர்கள்

அழுத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரி சர்க்கரையை ஏற்றுவதில்லை. சிலருக்கு அன்றே ஏறும். சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது. பசியே எடுக்காமல் போகும் சிலருக்கு இறங்கவும் செய்யும். எனவே உங்கள் உடலை நீங்களேதான் கவனிக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் நாளுக்கு ஐந்து செய்திகளைக் குறியுங்கள்: சர்க்கரை அளவு, தூங்கிய நேரம், மாத்திரை அல்லது ஊசி போட்டதா இல்லையா, அன்று நடந்த முக்கியமான ஒன்று, மனநிலைக்கு சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பிரச்சினையான ஒரு நிகழ்ச்சிக்கு முன்பும் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்துப் பார்க்கலாம். சோதனைப் பட்டைகள் விலை கூடியவை என்பதால், தினமும் குத்திக்கொள்வதைவிட இப்படிக் காரணத்தோடு இணையாகச் சோதிப்பது அதிகம் சொல்லும்.

என் தாயாருடைய குளுக்கோமீட்டருக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும்போது, அந்தக் கருவி பழைய அளவுகளைத் தன் நினைவில் வைத்திருப்பதைக் கவனித்தேன். நோட்டில் 138, 142, 130 என்று முத்துமுத்தாக எழுதியிருந்த அதே நாட்களில், கருவியில் 241, 268, 219 இருந்தன. கேட்டபோது சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த டாக்டர் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவாருப்பா” என்றார். ஒரு வருடமாக மருத்துவர் பொய்யான எண்களைப் பார்த்து மருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் கடும் பத்தியம் இருப்பதும் இதே வகைதான். வெறும் வயிற்று அளவு அந்த மூன்று நாளில் ஏமாறலாம். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அப்படி ஏமாறுவதில்லை, சிவப்பணுக்களில் சர்க்கரை ஒட்டியிருக்கும் விகிதத்தை அது அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் தெரிந்துவிடும். ஏன் ஏமாற்றத் தோன்றுகிறது என்பதுதான் உளவியல் கேள்வி. பள்ளிக்காலம் முதல் எண் என்றால் மதிப்பெண் என்றே பழகிவிட்டோம். 240 என்பது தோல்வி, 120 என்பது தேர்ச்சி, மருத்துவர் தலைமை ஆசிரியர். இந்தப் பழக்கத்தை உடைக்க, எண்ணுக்குப் பக்கத்தில் ‘நல்ல சுகர்’, ‘கெட்ட சுகர்’ என்று எழுதாமல், காரணத்தை மட்டும் எழுதுங்கள். ‘240: சித்தப்பா வீட்டுத் திருமணம், இரவு நான்கு மணி நேரத் தூக்கம்.’ இப்படி எழுதப்பட்ட 240 மருத்துவருக்கு ஒரு தகவல். நோயாளி மீது சுமத்தப்பட்ட குற்றம் அல்ல.

படி 3: மனக்கோளாறு என்று தோன்றுவது உடற்கோளாறா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். நெஞ்சு படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத பயம் ஆகியவை பதற்றத் தாக்குதலின் அறிகுறிகள். சர்க்கரை தாழும்போதும் இதே அறிகுறிகள்தாம் வரும். இன்சுலின் போடுபவர்களும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், படபடப்பு வந்தவுடன் முதலில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். கருவி இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே கருதிச் செயல்படுவது பாதுகாப்பு. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பு மறைந்துபோய் வியர்வை மட்டும் தெரியலாம் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது. நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை புதிதாக வந்தால் அவற்றைப் பதற்றம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வழக்கமான வலியின்றியும் வரக்கூடும்.

நீங்காத அசதிக்கும் இதே விதி. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பல ஆண்டு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வரக்கூடிய பி12 குறைபாடு, குறட்டையோடு கூடிய தூக்க மூச்சுத்தடை ஆகிய நான்கும் மனச்சோர்வு போலவே தோற்றமளிக்கும். இவற்றைச் சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. நம்மவர்கள் மனத் துன்பத்தை ‘உடம்பு அசதி’, ‘கை கால் எரிச்சல்’ என்று உடலின் மொழியில் சொல்வது வழக்கம். சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்பட்டாலும் கால் எரியும். ஆகவே எரிச்சல் என்று ஒருவர் சொன்னால், காலையும் பார்க்க வேண்டும், மனத்தையும் கேட்க வேண்டும்.

படி 4: இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாக விடை எழுதுங்கள்

உலகெங்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பயன்படும் எளிய வடிகட்டி ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களில், எதைச் செய்வதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா என்பது முதல் கேள்வி. மனம் தளர்ந்து, சோர்ந்து, நம்பிக்கையற்று உணர்ந்தீர்களா என்பது இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்றால் சுழியம், ‘சில நாட்கள்’ என்றால் ஒன்று, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்றால் இரண்டு, ‘ஏறக்குறைய தினமும்’ என்றால் மூன்று. கூட்டுத்தொகை மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரோ பொது மருத்துவரோ விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். இது நோயை உறுதிசெய்வதில்லை. அடுத்த கதவைத் தட்டச் சொல்கிறது, அவ்வளவே.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் கூட்டுத்தொகைக்குக் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண் உள்ளது. அப்படிப்பட்டவரைத் தனியே விடாமல், மருந்துகளைக் குடும்பத்தார் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு அளவாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

படி 5: நோய் உளைச்சல் என்றால், அது எங்கிருந்து ஊறுகிறது என்று தேடுங்கள்

இரண்டு கேள்விகளிலும் மதிப்பு குறைவாக இருந்தும் நோய் என்றாலே அலுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் நோய் உளைச்சலாக இருக்கும். பொலான்ஸ்கி குழுவினர் 2005இல் வெளியிட்ட 17 கேள்விகள் கொண்ட அளவுகோல் இதை நான்கு ஊற்றுகளாகப் பிரிக்கிறது: நோயின் உணர்ச்சிச் சுமை, தினசரிக் கட்டுப்பாடுகள், மருத்துவர், உறவினர். எல்லாம் சேர்ந்து அழுத்துவதுபோல் தோன்றினாலும், உட்கார்ந்து யோசித்தால் ஒன்றுதான் முதலில் நிற்கும்.

கட்டுப்பாடுகள்தான் என்றால், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற முயல்வதை நிறுத்துங்கள். அரிசியை ஒழிப்பது, காலை ஐந்து மணி நடை, பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூத் தேநீர், இனிப்புக்குத் தடை என்று ஐந்தும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால், அடுத்த திங்களுக்குள் ஐந்தும் நின்றுவிடும். கூடவே ‘என்னால் எதுவும் முடியாது’ என்ற ஆறாவது பாரமும் சேரும். ஒன்றை மட்டும் எடுத்து, அளவோடும் நேரத்தோடும் சொல்லுங்கள். ‘இனி நடக்கப் போகிறேன்’ என்பது ஆசை. ‘மதியச் சாப்பாடு முடிந்தவுடன் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்புவேன், வாரம் ஐந்து நாள்’ என்பது திட்டம். மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும்.

மருத்துவர்தான் என்றால், பார்க்கப் போகுமுன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் நினைவை நம்ப முடியாது. மாத்திரை விட்டுப்போனதை மறைக்காமல், ‘வாரத்துக்கு இரண்டு முறை மறந்துவிடுகிறேன், நாளுக்கு ஒரே வேளை எடுக்கும் மாத்திரையாக மாற்ற முடியுமா?’ என்று கேட்டால், நல்ல மருத்துவர் திட்டுவதைவிட்டு வழி தேடுவார். திரும்பத் திரும்ப அவமானப்படுத்துபவர் என்றால் வேறொருவரைத் தேடுவது நோயாளியின் உரிமை.

உறவினர்தான் என்றால், அது நம் வீடுகளில் மிக ஆழமான ஊற்று. கல்யாணப் பந்தியில் இலையில் பாயசம் விழும் அந்த நொடியில் எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “மாமா, உங்களுக்கு சுகர் இல்லே?” முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மாமா அன்று பாயசத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து நிலையக் கடையில் யாருமறியாமல் இரண்டு லட்டு தின்பார். கண்காணிப்பு பெருகப் பெருக ஒளித்துத் தின்பதும் பெருகும். மனைவியோ மகனோ சொல்லக்கூடியது வேறு மாதிரி இருக்கலாம்: “நான் உங்க தட்டைப் பாக்கலீங்க. எதுல நான் கூட இருந்தா உங்களுக்கு சுலபமா இருக்கும், அதை மட்டும் சொல்லுங்க.” நோயாளியும் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும்: “ராத்திரி மாத்திரைய ஞாபகப்படுத்து. சாப்பிடும்போது மட்டும் ஒண்ணும் சொல்லாத.” வீட்டில் எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல் என்று சமைப்பது, தனிப் பாத்திரத்தில் ‘அப்பாவுக்கு’ என்று ஒதுக்கிவைப்பதைவிட எவ்வளவோ மேல், ஒதுக்கப்பட்ட பாத்திரம் தினமும் மூன்று வேளை அவருக்கு நோயை நினைவூட்டுகிறது.

உணர்ச்சிச் சுமைதான் என்றால், அதன் அடியில் பெரும்பாலும் பயம் இருக்கும். அப்பாவின் கால் எடுக்கப்பட்டதைச் சிறுவயதில் பார்த்தவருக்கு, தன் காலில் சிறு கொப்புளம் வந்தாலும் அதே கட்டில் நினைவுக்கு வரும். இந்தப் பயத்தை ‘பயப்படாதே’ என்று விரட்ட முடியாது. ஒரு வேலையோடு கட்டிப்போடலாம். தினமும் இரவு பாதத்தை, விரலிடுக்கு உட்பட, இரண்டு நிமிடம் பார்ப்பது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதிப்பது. பார்வையிழப்பும் கால் இழப்பும் பெரும்பகுதி தடுக்கக்கூடியவை, ஆரம்பத்திலேயே கண்டால். பயத்துக்கென்று ஒரு வேலையும் அதற்கென்று ஒரு நேரமும் இருந்தால், மற்ற நேரங்களில் அது அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை.

படி 6: உடலின் வழியாக மனத்தைத் தணியுங்கள்

இதில் பெரிய வித்தை எதுவுமில்லை. நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீளமாக விடுவதை ஐந்து நிமிடம் செய்தால், பலருக்கு இதயத்துடிப்பு தணிந்து பரபரப்பு குறைகிறது. உணவுக்குப்பின் பத்துப் பதினைந்து நிமிட நடை, அந்த உணவால் ஏறும் சர்க்கரையையும் குறைக்கும், மனத்தையும் இலகுவாக்கும். தூக்கத்துக்குப் படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வைப்பது முக்கியம். இவை மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. மூச்சுப்பயிற்சியால் சர்க்கரை நோய் குணமாகும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

படி 7: மனச்சோர்வு என்றால், அதற்கும் முறையான சிகிச்சை பெறுங்கள்

உளவியல் சிகிச்சை, மருந்து, அல்லது இரண்டும் சேர்ந்து பயன் தரும். மாவட்ட மனநலத் திட்டம் வழியாகவும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுபவர்கள், வரும் பணியாளரிடமே ‘மனம் சரியில்லை, யாரைப் பார்க்கலாம்?’ என்று கேட்டுத் தொடங்கலாம். மனநல மருத்துவரிடம் சர்க்கரை நோயைப் பற்றியும், சர்க்கரை மருத்துவரிடம் மனநல மருந்தைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். சில மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும், சில கூட்டாது, தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கிறது. மனச்சோர்வு மருந்தின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் வாரக் குமட்டலைக் கண்டோ, இரண்டாம் மாதம் நன்றாக இருக்கிறது என்றோ தாமே நிறுத்திவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று கூறுவதால், காப்பீடு வைத்திருப்பவர்கள் விதிமுறைகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை, மனம் விரும்பினால் செய்யலாம் என்று காத்திருக்காமல், சிறிய ஒன்றைக் குறித்த நேரத்தில் செய்வது உதவும். மாலை ஆறு மணிக்குச் செடிக்குத் தண்ணீர், ஏழு மணிக்கு அண்ணனுக்குத் தொலைபேசி என்ற அளவு போதும். மனச்சோர்வில் விருப்பம் முதலில் வருவதில்லை. செய்கைக்குப் பின்னால்தான் மெல்ல வருகிறது.

அடுத்த எச்பிஏ1சி நாளில்

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், அந்த இரண்டு கேள்விகளுக்கும் மறுபடி விடை எழுதுங்கள். நான்கு ஊற்றுகளில் எது இந்தக் காலாண்டில் அதிகம் வருத்தியது என்று ஒரு வரி சேருங்கள். ஆய்வக அறிக்கையோடு நோட்டையும் மருத்துவரின் மேசையில் வையுங்கள். எழுதாமல் விட்ட நாட்களை முந்தின இரவு உட்கார்ந்து ஊகத்தால் நிரப்ப வேண்டாம். அந்த வெற்றுப் பக்கங்களைத் திறந்து காட்டி, ‘இந்த வாரங்களில் என்னால் முடியவில்லை’ என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.